அடுப்புச் சுவரை ஒட்டிய அறை

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க அந்த வீட்டில் அதைவிட நல்ல அறை கிடையாது என்று தீர்மானித்தவள் மூத்தவள்தான். அதன் பின்சுவர் ரொட்டி அடுப்பின் முதுகு. அந்தப் பக்கம் நெருப்பு எரியும்போது இந்தப் பக்கம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பொறுக்க முடியாது. நெருப்பு அணைந்து வெகுநேரம் ஆன பிறகும் வெதுவெதுப்பு போகாது. மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலம். வீட்டின் மற்றச் சுவர்களெல்லாம் ஓதம் ஏறி, சாய்ந்தால் முதுகில் சுண்ணாம்பு ஒட்டியது. அதுவரை மாவு மூட்டையும் சர்க்கரை மூட்டையும் அடுக்கியிருந்த அறை. மூட்டைகளைக் கூடத்துக்குத் தள்ளி, தரையைக் கழுவித் துடைத்து, இரும்புக் கட்டிலைப் போட்டு, வெயிலில்லாததால் மெத்தையை அடுப்பு வாயில் காட்டிச் சூடேற்றி விரித்துவைத்தாள்.

"குளிர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. ராணி மாதிரி படுத்துக்க" என்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய இளையவளிடம்.

பாதி பிரியம், பாதி குத்தல். மூத்தவள் பேச்சே அப்படித்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தும் ரொட்டிக்கடை அது. வாசல் பக்கம் கடை, நடுவில் அடுப்பு, பின்னால் வீடு. அண்ணன் அடுப்புக்காரர், நெருப்பின் நிறம் பார்த்து ரொட்டியை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் அவர் வேலை. தம்பி வேன்காரன். ரொட்டியைக் கடை கடையாக இறக்கிவிட்டு வருவது அவன் பாடு. அண்ணன் பெண்டாட்டியான மூத்தவள் மாவு மேடைக்கு அதிகாரி. தம்பி பெண்டாட்டியான இளையவள், கல்யாணமாகி வந்த நாள் முதல் ரொட்டியை நறுக்கிக் காகிதத்தில் சுற்றி அடுக்கும் மேசையில் நின்றாள். அவளுக்குத் தாயில்லை. பிறந்த வீட்டில் அப்பாவும் ஒரு தம்பியும்தான். எனவே பேறுகாலம் பார்ப்பது ஓரகத்தி தலையில் விழுந்தது. மூத்தவள் மனமுவந்துதான் ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஏற்றுக்கொண்டதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"எனக்கு மூணும் சுகப்பிரசவம். கடைசிக்காரனுக்கு வலி எடுத்தப்ப பன்னு உருட்டிக்கிட்டு நிக்கறேன். 'டேய், இந்தத் தட்டு நிரம்பற வரைக்கும் சும்மா இரு'ன்னு வயித்தைத் தட்டிச் சொன்னேன். கேட்டான். அன்னிக்குக் கேட்டதுதான், அப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒரு பேச்சு கேக்கல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளைகள் மூவரும் படிப்பும் வேலையுமாக வெளியூரில் இருந்தார்கள்.

இளையவளுக்கு அப்படி அமையவில்லை. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் வலி சரியாக எழவில்லை. எழுந்த வலியும் பாதியில் நின்றுபோனது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பிரசவ அறையில் கிடந்து போராடிவிட்டு, கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் பெண்குழந்தையை எடுத்தார்கள். குழந்தை கொழுக்கென்று இருந்தது. தாயும் பிழைத்தாள். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் மூத்தவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"வயித்தை வெட்டினா வலிக்காம, கிச்சுகிச்சா மூட்டும்? போகப்போகச் சரியாயிடும்."

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று நர்ஸ் ஒருத்தி வேன்காரனை நிறுத்திவைத்து நிறையச் சொன்னாள். மூத்தவள் குழந்தையைப் போர்த்திக்கொண்டு முன்னால் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும், "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். "தையல் நனையக் கூடாதாம் அண்ணி. சிவந்தாலோ சீழ் வச்சாலோ கூட்டிட்டு வரணுமாம்" என்றான். அதை மட்டும் அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். தினமும் காலையில் வேனை எடுக்குமுன் அறைக்குள் போய்த் தையலைப் பார்த்துவிட்டு வந்து மாவு மேடைக்குத் தகவல் சொல்லுவான்.

"அருமையா ஆறிட்டு வருது அண்ணி. பென்சில்ல கோடு போட்ட மாதிரி இருக்கு."

"பின்னே? யாரு வீட்டுப் பக்குவம்?" என்பாள் மூத்தவள்.

அந்தப் பென்சில் கோடுதான் எல்லார் கண்ணையும் மறைத்தது.

இளையவள் முதலில் சாப்பாட்டைக் குறைத்தாள். வேகவைத்த முட்டையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கினாள். சூடான பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் விழுங்கிவிட்டுப் போதும் என்றாள். "பால் சுரக்க வேண்டாமா? காத்தைக் குடிச்சா வளரும் புள்ளை?" என்று மூத்தவள் அதட்டினால் மூன்றாவது வாய் இறங்கும். பிறகு உடம்பு சுடத் தொடங்கியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த மூத்தவள் உடனே பின்னாலிருந்த சுவரையும் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தா, இதுக்கும்தான் காய்ச்சல். இதுக்கும் ஒரு மாத்திரை குடுப்போமா?"

இளையவள் சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அது தையல் இழுப்பதுதான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். பேருக்கு ஒரு காய்ச்சல் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தார்கள். வேர்த்துக் கொட்டி உடம்பு குளிர்ந்தது. பார்த்தாயா என்றாள் மூத்தவள். அடுத்த நாள் மறுபடி சுட்டது. மறுபடி ஒரு மாத்திரை.

அதே சமயத்தில்தான் மூத்தவளுக்கும் அடுப்புக்காரருக்கும் புளித்த மாவு விஷயமாகச் சண்டை வந்தது. அறைப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதோ கெட்டுப்போன வாடை மூக்கில் தட்டியது. மழைக் காலத்தில் புளிப்பு மாவு சீக்கிரம் கெடும். தொட்டியைத் திறந்து முகர்ந்தாள். வழக்கமான புளிப்புதான் இருந்தது. இருந்தும் சந்தேகம் தீராமல் மொத்த மாவையும் சாக்கடையில் கொட்டி, தொட்டியை வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"நல்லா இருந்த மாவுடி அது!" என்று அடுப்புக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"உங்க மூக்குல பாதிதான் மிச்சம். மீதியை நெருப்பு தின்னுடுச்சு. எனக்கு வாடை வருது, கொட்டிட்டேன்."

"இப்ப வரலையா?"

மூத்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மாவு மேடைப் பக்கம் வரவில்லை. கூடத்தில் நின்றால் மட்டும் லேசாக வந்தது. எலி ஏதாவது மூட்டை இடுக்கில் செத்துக் கிடக்கும் என்று நினைத்து, மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். எலி இல்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில், தூறல் தெறிக்கத் தெறிக்க இளையவள் குனிந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு வந்ததே கோபம்.

"அறிவிருக்கா உனக்கு? தையல் பிரிஞ்சா யாரு பதில் சொல்றது? நான் செத்தா போயிட்டேன்?"

"என் துணிதானேக்கா. நீங்க மாவு பிசையற கையால எதுக்கு…"

உள்ளூர மூத்தவளுக்குத் திருப்திதான். 'சாப்பாட்டுத் தொழில் பண்ற வீடு, அந்தத் தீட்டுத் துணியையெல்லாம் கண்ட இடத்துல போட்டுடாதே' என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாளே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் மழை வலுத்தது. வேன்காரன் பள்ளிக்கூடக் கேன்டீனுக்கு ரொட்டி இறக்கப் போயிருந்தான். அடுப்புக்காரர் மாலைச் சுற்றுக்கான ரொட்டியை உள்ளே தள்ளி அடுப்பு வாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடித்தார். மூத்தவள் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. எடுத்துக்கொள்வாள் என்று விட்டாள். அழுகை நிற்கவில்லை. தூக்கம் போலிருக்கிறது, விழித்ததும் எடுப்பாள் என்று மறுபடி விட்டாள். குழந்தையின் தொண்டை கட்டிப்போய்க் குரல் கீச்சென்று ஆன பிறகுதான் மாவுக் கையோடு எழுந்து போனாள்.

இளையவள் தூங்கவில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், முகமெல்லாம் சிவந்து கதறிக்கொண்டிருந்தது.

"காது கேக்கலையாடி?"

"பாப்பாவை எடுத்துட்டுப் போங்கக்கா."

மூத்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்த நாளாக அந்தக் குழந்தையை யாரிடமும் விட்டவள் இல்லை அவள். குளிப்பாட்ட எடுத்துப் போனால்கூடத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். "மெதுவாக்கா, கழுத்தைப் பிடிங்கக்கா" என்று மூணு பிள்ளை பெற்றவளுக்கே பாடம் நடத்துவாள். அவள் இப்போது திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"என்னடி பண்ணுது உனக்கு?"

"குளிருது. இன்னொரு போர்வை குடுங்க."

ஏற்கெனவே இரண்டு போர்வை போர்த்தியிருந்தாள். மூத்தவள் கையிலிருந்த மாவைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு மூன்றாவதையும் எடுத்துப் போர்த்தினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அதை மழைச் சத்தம் என்று நினைத்திருந்தாள். இளையவள் நடுங்கிய நடுக்கத்தில் இரும்புக் கட்டிலே ஆடியது. பல்லோடு பல் மோதியது. வாயை மூட முயன்றாள், முடியவில்லை.

மூத்தவள் சுவரில் கை வைத்தாள். அடுப்பு முழு வேகத்தில் எரிகிற நேரம், உள்ளங்கை சுட்டது. அந்தக் கையை எடுத்து இளையவள் கழுத்தில் வைத்தாள். சுவரை விட அது சுட்டது. வீட்டிலேயே சூடான அறையில், கொதிக்கிற சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒருத்தி குளிரில் வெடவெடக்கிறாள். இது சுவரின் சூடு இல்லை. ஒரு நாளும் சுவரின் சூடாக இருந்ததில்லை.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் போர்வைகளை விலக்கினாள். தையலைப் பார்த்தாள். வேன்காரன் சொன்னது பொய்யில்லை. சிவப்பு இல்லை, சீழ் இல்லை, ஈரம்கூட இல்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு வந்தது. தையலுக்கு மேலே, தொப்புளுக்குக் கீழே, விரல் நுனியால் லேசாகத் தொட்டாள்.

இளையவள் போட்ட அலறலில் அடுப்புக்காரரின் டீ டம்ளர் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது.

விலக்கிய போர்வைக்கு அடியிலிருந்து அந்த வாடை எழுந்து வந்தது. இரண்டு மூன்று நாளாக வீடு முழுக்க அவள் துரத்திக்கொண்டிருந்த வாடை. மாவுத் தொட்டியிலும் மூட்டை இடுக்கிலும் தேடியது இங்கே, இந்தக் கட்டிலில், இந்தப் பெண்ணின் உடம்புக்குள் இருந்தது.

மூத்தவள் குரலை இறக்கினாள். "துணியில வர்றதா இது?"

இளையவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"வந்த மறுநாளே லேசா இருந்துச்சு. எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு நெனச்சேன். இப்ப… எனக்கே குமட்டுதுக்கா."

"ஏன்டி சொல்லல?"

பல் அடித்துக்கொண்டதில் பதில் துண்டு துண்டாக வந்தது. "எப்படிச் சொல்றது… மாமா அடுப்புக்கிட்டயே நிக்கறாரு… பாப்பாவோட அப்பா வந்தா தையலை மட்டும் பாத்துட்டுப் போயிடறாரு… நீங்க திட்டுவீங்கன்னு…"

மூத்தவள் போர்வையை இழுத்து மூடினாள். தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. கூடத்துக்கு வந்து வேன்காரனுக்குப் போன் போட்டாள். "இருக்கற ரொட்டியை அங்கயே விட்டுட்டு உடனே வா. ஏன்னு கேக்காதே. வா."

அடுப்புக்காரர் வந்து நின்றார். "என்னாச்சு? எதுக்கு அப்படிக் கத்தினா?"

"உள்ள கெட்டுப்போச்சுங்க. கர்ப்பப்பையில என்னமோ கெட்டுப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"தையல் ஆறிடுச்சுன்னு தம்பி காலையிலகூடச் சொன்னானே?"

"தையல் ஆறிடுச்சு. அவ ஆறல."

அடுப்புக்காரர் வெளியே பார்த்தார். தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு மாத்திரையைக் குடுத்துப் பாரேன். மழை கொஞ்சம் விடட்டும்…"

"மாத்திரை குடுத்துக் குடுத்துத்தான் இங்க வந்து நிக்குது. குடுத்தா கொஞ்சம் வேர்க்குது, இறங்குது, அப்புறம் முன்னைவிட ஏறுது. நான் முட்டாளாட்டம் இறங்கறதை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ குழந்தையை வேணாங்கறா. தன் குழந்தையை எடுத்துட்டுப் போன்னு சொல்றா."

கடைசியாகச் சொன்னது அவரை உலுக்கிவிட்டது. அடுப்பின் பக்கம் ஒரு தரம் திரும்பினார். உள்ளே மாலைச் சுற்று முழுவதும் வெந்துகொண்டிருந்தது.

"கருகட்டும்" என்றாள் மூத்தவள்.

வேன் வந்து நின்றபோது அதற்குள் இறக்காத ரொட்டித் தட்டுகள் இன்னும் பாதி இருந்தன. அடுப்புக்காரரே மழையில் இறங்கி, தட்டு தட்டாக இழுத்து நடைபாதையில் போட்டார். ரொட்டிகள் ஊறி உப்பிக் காகிதத்தோடு கரைந்தன. நெருப்பு வேலை செய்கிற மனிதர். ரொட்டி ஒன்று கீழே விழுந்தால் எடுத்து ஊதித் தட்டில் வைக்கிறவர். அவற்றைத் தாண்டி மிதித்துக்கொண்டு உள்ளே ஓடி, இளையவளை மெத்தையோடு தூக்க ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தம்பி மறுமுனையைப் பிடித்தான்.

"தையல் நல்லாத்தானே இருந்துச்சு அண்ணி? தினம் பாத்தேனே?" வேன்காரன் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அந்த நர்ஸம்மா வேற என்ன சொன்னாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லு."

வண்டியைக் கிளப்பினான். தெருமுனையில் திருப்பினான். பிறகு அவன் கழுத்து விறைத்தது. கண்ணாடியில் தெரிந்த முகம் கோணியது.

"காய்ச்சல் வந்தா கூட்டிட்டு வாங்கன்னாங்க. நாத்தம் இருந்தா, அடிவயிறு வலி ஜாஸ்தியானா, ரத்தம் அதிகமாப் போனா, மூச்சு வாங்கினா, கால் ஒண்ணு மட்டும் வீங்கினா… எல்லாம் சொன்னாங்க அண்ணி. எல்லாம் சொன்னாங்க. நான் அப்ப குடையைக் காணோமேன்னு தேடிக்கிட்டு இருந்தேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

வேனுக்குள் ரொட்டி மணம் மண்டிக்கிடந்தது. அதற்குள்ளும் அந்த வாடை வந்தது. மூத்தவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து இளையவள் தலையை மடியில் ஏந்தியிருந்தாள். குழந்தை மற்றக் கை வளைவில் கிடந்தது. நடுக்கம் நின்றுவிட்டது. நின்றதும் நல்லதற்குத்தான் என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் மூச்சு இப்போது வேறு மாதிரி ஓடியது. ஓடி வந்த நாய்க்குட்டிக்குப் போல, மேலாக, வேகமாக. கையைப் பிடித்தால் விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. நெற்றி மட்டும் எரிந்தது. ஒரே உடம்பில் இரண்டும் எப்படி இருக்கும் என்று மூத்தவளுக்குப் புரியவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"பாப்பாவை எங்க அப்பாகிட்டக் குடுத்துடாதீங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. இவரு இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாலும்… நீங்களே வெச்சுக்குங்க."

"வாயை மூடு. உன் புள்ளைக்கு நீ பீத்துணி தோய்ச்சுக்க. எனக்கு வேற வேலையில்ல?"

"நெஜமாத்தாங்க்கா சொல்றேன்."

முன்னால் வேன்காரன் சத்தமில்லாமல் அழுதுகொண்டு ஓட்டினான். ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கி, முன்னால் போன கார் நின்றுவிட்டிருந்தது. ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. அந்தச் சத்தத்துக்குக்கூட இளையவள் கண்ணைத் திறக்கவில்லை. மூத்தவள் அவள் கன்னத்தைத் தட்டினாள். "ஏய். ஏய், இங்க பாரு. உன் மேசையில இப்ப யாரோ கோணல்மாணலா ரொட்டி நறுக்கறாங்க பாரு. திட்டு. எந்திரிச்சுத் திட்டு." உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பெயரும் வயசும் கேட்டார். மூத்தவள் வேறொன்றைச் சொன்னாள். "சிசேரியன் ஆன பொண்ணு. காய்ச்சல், குளிர், நாத்தமடிக்குது, வயித்தைத் தொட முடியல, மூச்சு வாங்குது." சுற்றி ஆண்கள் நின்றார்கள். வேன்காரனும் நின்றான். நாத்தம் என்ற சொல்லை அவள் இரண்டாம் தரம் இன்னும் உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் பெயர் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் ஓடியது.

டாக்டரம்மா இளம் வயதுக்காரி. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. வயிற்றை அழுத்திப் பார்த்தாள், கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள், நர்ஸிடம் நாலு வார்த்தை வேகமாகச் சொன்னாள். இரண்டு கையிலும் ஊசி ஏறியது, பாட்டில்கள் தொங்கின. பிறகு வெளியே வந்தாள்.

"கூட இருந்து பாத்துக்கிட்டது யாரு?"

"நான்தான்."

"வாடை எப்ப ஆரம்பிச்சுது?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? வேன்காரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்த மறுநாளேம்மா. அவ யார்கிட்டயும் சொல்லல. எனக்கு ரெண்டு மூணு நாளாவே வாடை வந்துச்சு. நான் மாவு புளிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். ரொட்டிக்கடை வெச்சிருக்கோம்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "மேல தையல் நல்லா இருக்கும்மா. கிருமி உள்ள, கர்ப்பப்பையில இருக்கு. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமானவங்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம். இப்ப ரத்தத்துலயும் கலந்திருக்கு. அதான் மூச்சு இப்படி. வலிக்குன்னு நாங்க குடுத்த மாத்திரை, நீங்க குடுத்த மாத்திரை எல்லாம் சேந்து காய்ச்சலை மறைச்சிருக்கு."

"பொழைச்சுக்குவாளா?"

"மருந்து ஏறுது. ஸ்கேன்ல உள்ள ஏதோ தங்கியிருக்கற மாதிரி தெரிஞ்சா, உள்ள கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணணும். அதுக்கும் அடங்கலைன்னா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா கொண்டுவந்துட்டீங்க. காலையில பேசுவோம்."

அவள் போன பிறகும் வேன்காரன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்குப் பசங்க இன்னும் வேணும்னெல்லாம் இல்ல அண்ணி" என்றான், யாரோ அவனிடம் பேரம் பேசுவதுபோல. "இவ இருந்தாப் போதும்."

"உள்ள போய் அவங்ககிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது?"

குழந்தை பசியில் சுருண்டது. ஒரு நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டுவந்து கரண்டியால் புகட்டக் காட்டிக்கொடுத்தாள். மூத்தவள் பெஞ்சில் உட்கார்ந்து புகட்டினாள். மாவு அவள் நகக்கண்ணில் காய்ந்து வெள்ளையாக நின்றது. இந்தக் கையோடா என்று எழுந்து போய்க் கழுவினாள். திரும்பி வந்து மறுபடி கையைப் பார்த்தாள், மறுபடி கழுவினாள். குழந்தை ஒவ்வொரு வாய்க்கும் உதட்டைக் குவித்துத் தேடியது. கரண்டி விளிம்பில் மோதி ஏமாந்து முகத்தைச் சுளித்தது. அதைப் பார்க்க முடியாமல் மூத்தவள் கண்ணை எடுத்துக்கொண்டாள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். யாரோ வெளியே வந்து வேறு யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு தரம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு அவளைத்தான் எங்கேயோ கொண்டுபோனார்கள். வாயில் பிராணவாயு மூடி, நெற்றியில் ஒட்டிய மயிர், போர்வைக்கு வெளியே தொங்கிய ஒரு கை. அந்தக் கையை உள்ளே எடுத்துவைக்க மூத்தவள் கூடவே ஓடினாள். எடுத்துவைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கர்ப்பப்பையை எடுக்கவில்லை. உள்ளே தங்கியிருந்ததைச் சுத்தம் செய்தார்கள். ஆனாலும் காய்ச்சல் உடனே மசியவில்லை. மறுநாள் டாக்டரம்மா மருந்தை மாற்றினாள். அன்றைக்கும் அதே ஓட்ட மூச்சு, அதே சில்லிட்ட விரல்கள். கண்ணைத் திறந்தாலும் யாரையும் பார்க்காத பார்வை. அடுப்புக்காரர் வந்து நின்றார், ஒன்றும் கேட்காமல் போனார். கடையைத் திறக்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. பட்டையைக் கட்டி அளந்துவிட்டுப் போகிற நர்ஸின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தப் புருவம் எவ்வளவு ஏறினால் என்ன அர்த்தம் என்று மூத்தவள் படித்துக்கொண்டாள். அதற்கும் அடுத்த நாள் விடிந்து வெகுநேரம் கழித்து, நர்ஸ் காய்ச்சலை அளந்துவிட்டுப் புருவத்தை ஏற்றவில்லை. மற்றொருத்தியை அழைத்துக் காட்டினாள். "காய்ச்சல் இறங்கியிருக்கு" என்றாள்.

மூத்தவள் நம்பவில்லை. இறங்குவதைப் பார்த்து ஏமாந்தவள் அவள். "மாத்திரை போட்டதாலயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மாத்திரை இல்லாமலேயே."

அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன்காரன் அண்ணனுக்குப் போன் செய்தான். அவர் எடுத்ததும் போனை இவளிடம் நீட்டினான்.

வார்டுக்கு மாற்றிய அன்று மத்தியானம் இளையவள் முழுசாகக் கண் விழித்திருந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, சட்டியில் காய்ந்த பால் போல முகம் வெளிறிக் கிடந்தது. குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தாள். விரலால் அதன் காதை நீவிக்கொண்டிருந்தாள். அடுப்புக்காரர் பார்க்க வந்தார். கதவோரமாகவே நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா. நல்லா இருக்கேன்."

மூத்தவள் படக்கென்று திரும்பினாள்.

"அதைத்தான் கேக்கவே கூடாதுன்னு இருக்கேன். ஒண்ணுமில்லையாம். ஒண்ணுமில்லாமதான் இத்தனை பேரு இங்க வந்து உக்காந்திருக்கோமா?" குரல் உயர்ந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவள் குரலை இறக்கவில்லை. "எங்க எங்க என்ன பண்ணுதுன்னு சொல்லு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சொல்லு. இவரு நின்னா நிக்கட்டும். இவரு என்ன, பொம்பளைங்க வயித்துல பொறக்காம அடுப்புல வெந்தா வந்தாரு?"

அடுப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் போகவில்லை.

இளையவள் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம் இருக்கிறதா என்று தேடினாள். நாள்கணக்கில் சீவாத தலையும் அழுக்குப் புடவையுமாக நின்ற அந்த அதட்டல்காரியின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"தலை கனக்குது" என்றாள், மெதுவாக. "ஊசி குத்தின கை வீங்கியிருக்கு. முதுகு வலிக்குது, அது படுத்தே கெடந்ததால இருக்கும்."

"காரணம் நீ சொல்லாதே. வலியை மட்டும் சொல்லு."

"வயிறு முன்னைக்கு இப்ப தேவலை. கீழ துணியில லேசாத்தான் இருக்கு, வாடை இல்ல." அதைச் சொல்லும்போது அவள் கண் கதவுப் பக்கம் போய் வந்தது. அதற்கப்புறம் குரல் கொஞ்சம் தெளிந்தது. "கால் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. மூச்சு சரியா வருது. இடது பக்க மாருதான்… பாப்பா குடிக்காம நின்னதுலேர்ந்து கல்லு மாதிரி இருக்குக்கா. ஒரு இடத்துல தொட்டா சுடுது."

மூத்தவள் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தாள். போகப்போகச் சரியாகிவிடும் என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"இரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வார்டின் மறுகோடியில் யாருக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸைப் பார்த்து, கட்டில்களுக்கு நடுவே கிட்டத்தட்ட ஓட்டமாக நடந்தாள்.